மச்சான் குரலுக்குச் சார்ஜ் ஏற்றிய வகையில்

ராஜபாளையம்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

பட்டாளத்து ஹவில்தாரும் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும் என் மதிப்புக்கு உரியவருமான மச்சான் ஆவுடையப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மாரீஸ்வரியைக் கட்டிய வகையில் மாப்பிள்ளையான பாண்டிச்செல்வம் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் சுகம். மழை சுமார். உங்கள் மக்காச்சோளம் பரம சுகம், ஒரு கருதுக்கும் சேதமில்லை. அவ்விடம் நீங்களும் உங்கள் மேஜர் ஐயாவும் குளிருக்கு அசையாமல் சுகமாய் இருக்க, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் துணை நிற்க வேண்டும்.

இந்தக் காலத்தில் போனில் சொல்லாமல் தாளில் எழுதுகிறானே என்று நீங்கள் யோசிப்பீர்கள். உங்கள் மலை உச்சியில் ஞாயிற்றுக்கிழமைதான் சிக்னல் வரும் என்பது ஒரு காரணம். போன் என்றால் நான் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்பது இன்னொரு காரணம். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் நீங்கள் கூப்பிட்டபோது, நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று மாரீஸ்வரி சொன்னாள் அல்லவா, அது பொய். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் உங்கள் மைக்கைப் பற்றியது. மைக் நன்றாக இருக்கிறது. பேசத்தான் மாட்டேன் என்கிறது.

ஆவணியில் நீங்கள் லீவில் வந்து, மம்சாபுரம் விலக்கில் இருக்கிற உங்கள் தோட்டத்தில் சோளத்தை ஊன்றிவிட்டு, திரும்பிப் போகிற அன்று என்னை வரப்பில் நிறுத்திச் சொன்னதெல்லாம் வரி பிசகாமல் என் நினைவில் இருக்கிறது. "மாப்ள, கருது பால் புடிக்கிற நேரத்துல மலையில இருந்து மயிலு இறங்கும். வேட்டுப் போடக் கூடாது, கேஸாயிரும். கல்ல விடக் கூடாது, முருகன் வாகனம். சத்தம் ஒண்ணுதான் வழி" என்று சொல்லி, கையில் பிடிக்கிற அந்த ஒலிபெருக்கியை வாங்கி, அதில் உங்கள் திருவாயாலேயே, "ஏலே, எவம்லே உள்ள? வெளிய வாலே. நான் வந்தேன்னா தொலிய உரிச்சிருவேன். சாவ்தான்" என்று, கடைசியில் பட்டாளத்து இந்தி 'அட்டென்ஷன்' உத்தரவையும் சேர்த்துப் பதிவு செய்து, மூங்கிலில் கட்டி, திரும்பத் திரும்பப் பேச விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குள்ளே இருப்பது கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. அதைப் பற்றியும் உத்தரவு போட்டீர்கள். "கேண்டீன்ல வாங்குன ஒரிஜினல் மாப்ள. இத மாத்தி லோக்கல் பேட்டரி போட்டீங்கன்னா வெடிச்சிரும். எந்தக் கடைக்காரன் கையிலயும் இதக் குடுக்காதீங்க, ஒரிஜினல உருவிட்டு டூப்ளிகேட்டச் சொருகிருவான்" என்றீர்கள். உங்கள் சித்தப்பா சின்னக்கருப்பன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்கிற உரிமையில், "பட்டாளத்துக்காரன் போட்ட வெள்ளாமை மயிலுக்குத்தான்" என்று டீக்கடையில் சொன்னதும், கார்த்திகைக்கு வந்து அவர் கண் முன்னால் கருது ஒடித்துக் காட்டுவேன் என்று நீங்கள் சொன்னதும், "அதுக்கு நான் பொறுப்பு மச்சான்" என்று நான் நெஞ்சைத் தொட்டதும் நடந்தவைதான். நெஞ்சைத் தொட்டவன் அப்போதே கையை எடுத்திருக்கலாம்.

ஒன்றரை மாதம் உங்கள் குரல் தோட்டத்தில் ஜோராக நடந்தது. வரப்பில் புல் அறுக்க வந்தவர்கள்கூட பாதி அறுப்பில் ஓடிப்போனதாகக் கேள்வி. சரஸ்வதி பூஜை வந்தது. ஆயுத பூஜையை நான் எவ்வளவு சிரத்தையாகச் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். மில்லில் டைம் ஆபீஸ் கடிகாரத்துக்கு நான் வைத்த பொட்டில் முள் ஒட்டி நகராமல் அன்று ஒரு ஷிப்டே தாமதமானது என்பது வேறு கதை. வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், பைக், தையல் மெஷின், டிவி ரிமோட் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். தோட்டத்தைக் காக்கிற ஆயுதம் அல்லவா என்று உங்கள் மைக்கையும் கொண்டுவந்து, பேட்டரியைத் தனியே உருவி, அதற்கும் முறைப்படி செய்து, பொரியும் கடலையும் படைத்து, மறுநாள் திரும்ப மாட்டி மூங்கிலில் கட்டினேன். இதைச் சொல்வது, உங்கள் பொருளை நான் எவ்வளவு பக்தியாக வைத்திருக்கிறேன் என்று தெரிவிக்கத்தான்.

அதற்கடுத்த வாரம் சார்ஜ் இறங்கிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒயரைச் சொருகப் போனேன். மைக்கில் ஒயர் சொருகுகிற ஓட்டை உள்ளே விழுந்துவிட்டது. நான் பலமாகக் குத்தவில்லை. லேசாகத்தான் குத்தினேன், நான்கைந்து தடவை. ஜவகர் மைதானத்துப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறானே ஜெபக்குமார், பெண் பார்க்கப் போன வீட்டில் டிவியைக் கழற்றி ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமலே வந்தவன், அவனிடம் போய்ச் சொன்னேன். "ஓட்ட போனா போகட்டும் அண்ணாச்சி. பேட்டரியத் தனியா எடுத்து, ஒத்தப் பேட்டரி போடுற சார்ஜர் இருக்கு, அதுல வச்சு ஏத்திக்கலாம். பேட்டரி கொண்டாந்திருக்கீகளா?" என்றான். "அது வராது" என்றேன். "வராதுன்னா?" "கடைக்குக் கொண்டாரக் கூடாதுன்னு உத்தரவு." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எத்தனை வோல்ட் என்று கேட்டான். மூணு புள்ளி ஏழு என்று பேட்டரி மேல் எழுதியிருந்ததை நான் உள்ளங்கையில் பேனாவால் குறித்துப் போயிருந்தேன், காட்டினேன். "அப்ப நாலு புள்ளி ரெண்டு சார்ஜர்" என்றான்.

எனக்கு அங்கேயே தலை சுற்றல் ஆரம்பம். "ஏலே, மூணு ஏழுக்கு மூணு ஏழு குடு. எதுக்கு அரை வோல்ட்டு கூட்டித் தார?" என்றேன். "அண்ணாச்சி, அது பேருக்கு மூணு ஏழு. முழுசா நெறஞ்சா நாலு ரெண்டு, காலியாப் போனா மூணு. நடுவுல பேரு வச்சிருக்காங்க" என்றான். யோசித்துப் பார்த்தால் சரிதான். எனக்கும் மில்லில் எட்டு மணி நேர வேலை என்று பேர். காலையில் இருக்கிற பாண்டிச்செல்வம் வேறு, மதியச் சாப்பாட்டுக்குப் பொறவு நாற்காலியில் இருக்கிற பாண்டிச்செல்வம் வேறு. சரி, புரிந்துவிட்டது என்று எழுந்தேன். அவன் விடவில்லை. சோலார் லைட்டில் வருகிற பேட்டரியும் பார்க்க இதே மாதிரி இருக்குமாம், ஆனால் அது மூணு புள்ளி ரெண்டாம், அதற்கு மூணு புள்ளி ஆறில் நிறுத்திக்கொள்கிற சார்ஜர் வேறாம். அந்தச் சார்ஜரில் இதைப் போட்டால் வயிறு நிறையாது, இந்தச் சார்ஜரில் அதைப் போட்டால் வயிறு வெடிக்கும். ரிமோட் பேட்டரிக்கு ஏற்றுகிற சார்ஜரில் இதைப் போட்டால்? "அதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது அண்ணாச்சி. போட்டுட்டு நீங்க வீட்ட விட்டு வெளிய வந்துருங்க" என்றான். கடைசியாக, அரை ஆம்பியர் வேணுமா ஒரு ஆம்பியர் வேணுமா என்று கேட்டான். எது நல்லது என்று கேட்டேன். "ஒண்ணு சீக்கிரம் ஏறும். அரை மெதுவா ஏறும், பேட்டரிக்கு நல்லது" என்றான். மெதுவாகச் செய்வது எனக்கும் ஒத்துப்போகும் என்று அரையையே வாங்கினேன். கிளம்பும்போது அவன் சொன்ன ஒன்றை மட்டும் சிக்கெனப் பிடித்துக்கொண்டேன். "செவப்பு எரிஞ்சா ஏறுதுன்னு அர்த்தம். பச்ச எரிஞ்சா நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

வீட்டில் உங்கள் தங்கை நடுவீட்டில் சார்ஜ் போட விடவில்லை. "மெத்தையில கித்தையில வச்சீகன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அண்ணன் வீட்டுச் சாவியும் நம்ம வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது என்று நான் சொல்லவில்லை. புறவாசலில் பழைய ஆட்டுரல் கிடக்கிறதல்லவா, வெடித்தாலும் மேல் பக்கமாகப் போகும் என்று அதன் குழிக்குள் சார்ஜரை இறக்கி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, பக்கத்தில் ஒரு சட்டி மணலும் வைத்து, பேட்டரியின் தட்டைப் பக்கம் எது, மொட்டுப் பக்கம் எது என்று ஜெபக்குமார் சொன்னபடி பார்த்து வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பச்சை எரிந்தது.

"ஏட்டி, நெறஞ்சிருச்சு" என்றேன். "அதுக்குள்ளயா?" என்றாள். "மிலிட்டரிப் பேட்டரின்னா சும்மாவா" என்றேன். மெதுவாக ஏறும் என்று வாங்கிய சார்ஜரே இந்த வேகம் என்றால், ஒரு ஆம்பியர் வாங்கியிருந்தால் கடையிலிருந்து வரும் வழியிலேயே ஏறியிருக்கும் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அக்கா தன் தலை லைட்டில் இருந்த இதே அளவுப் பேட்டரியைக் கொண்டுவந்து, "தம்பி, நம்மளதுக்கும் செத்த ஏத்திக் குடுங்களேன்" என்றார். போட்டேன். அது சிவப்பு எரிய ஆரம்பித்து, மதியம் போய், சாயங்காலம் விளக்கேற்றுகிற வரைக்கும் சிவப்பாகவே இருந்தது. பிறகுதான் பச்சை வந்தது. நான் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்து, "அக்கா, தப்பா நெனைக்காதீக. உங்க பேட்டரி சுத்த மட்டம். எம்புட்டு நேரம் தின்னுது பாருங்க. எங்களது ஒரு நொடி" என்றேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலையில் நிறைந்த பேட்டரியோடு தோட்டத்துக்குப் போய் மைக்கைப் போட்டேன். "ஏலே" என்றது. அவ்வளவுதான். எவம்லே என்பது வரவில்லை. திரும்ப அமுக்கினால் திரும்பவும் "ஏலே". அந்தக் குரலைக் கேட்டு, ஓரத்தில் நின்ற மயில்கள், யாரோ தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கழுத்தை நீட்டிப் பார்த்து, ரெண்டடி உள்ளே வந்தன. உங்கள் சித்தப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து பல் குச்சி மென்றுகொண்டிருந்தார். "என்ன மாப்ள, எங்க பயலுக்குத் தொண்ட கட்டிருச்சா?" என்றார். "பனி மாமா" என்றேன். வேறென்ன சொல்ல.

சார்ஜரைத் தூக்கிக்கொண்டு ஜெபக்குமாரிடம் போனேன். "இது பொய்ப் பச்சை காட்டுது" என்றேன். அவன் தன்னிடம் இருந்த ஒரு பேட்டரியைப் போட்டான். சிவப்பு எரிந்தது. "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. பேட்டரியக் கொண்டாங்க, பாப்போம்." "அதான் கொண்டாரக் கூடாதுன்னு சொன்னேன்ல." "நோயாளியக் காட்டாம வைத்தியம் பாக்கச் சொன்னா எப்படி அண்ணாச்சி?" "நோயாளி பட்டாளத்துச் சொத்துலே" என்றேன். கடையில் நின்ற ரெண்டு பேர் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்குத் திருவண்ணாமலைக்குப் போனோம். மேலே பெருமாளிடம் உங்கள் சோளத்தைச் சொல்லி வேண்டிக்கொண்டு, படியிறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரும்போது, அங்கே சூர்யபிரகாஷ் என்று ஒரு பையன் கடை, வாசல் முழுக்கச் சார்ஜராகத் தொங்குகிறது. பெருமாளே காட்டியதாக எடுத்துக்கொண்டேன். அவனும் முதல் கேள்வியாக, "பேட்டரி எங்க சார்?" என்றான். நான் வழக்கம்போல உத்தரவைச் சொன்னேன். அவன் ஒரு ஆம்பியர் சார்ஜர் எடுத்து, தன் பேட்டரியைப் போட்டுச் சிவப்பு காட்டினான். என் கண்ணால் சிவப்பைப் பார்த்தேன், மாரீஸ்வரியும் பார்த்தாள், சாட்சி இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆட்டுரலில் இறக்கி, உங்கள் பேட்டரியைப் போட்டேன். பச்சை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவப்பு, ராஜபாளையத்தில் பச்சை என்றால் என்ன அர்த்தம்? கரண்டில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றிவிட்டது. நம்மூர் மில்கள் எல்லாம் நல்ல கரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்கு விடுகிறார்கள் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆகவே பேட்டரியைத் துணியில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போய், காபி குடிக்கும் முன்பே பிளக் எங்கே என்று கேட்டுச் சொருகினேன். அங்கேயும் பச்சை. அக்கா, "எதுக்குடா வந்த?" என்றாள். "பச்ச பாக்க வந்தேன்" என்றேன். "மாரீஸ்வரி கூடச் சண்டையா?" என்று கேட்டு, ரெண்டு நாள் தங்கிப் போகச் சொன்னாள்.

இந்தச் சமயத்தில் தோட்டத்தின் நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலே ஒரு கருதுக்கும் சேதமில்லை என்று எழுதியது பொதுவாகச் சொன்னது. மேற்கு ஓரத்தில் ஒன்றிரண்டு கருதை மயில் கொத்தியிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால், நாலு சால் இருக்கும். முழுச் சால். அதனால் மைக் பேசாத குறைக்கு நானே பேசுவது என்று முடிவு செய்து, மில்லில் லீவு போட்டு, காலையிலும் சாயங்காலமும் மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்று உங்கள் வசனத்தை அப்படியே சொன்னேன். "ஏலே, எவம்லே உள்ள" வரைக்கும் தொண்டை ஒத்துழைத்தது. "தொலிய உரிச்சிருவேன்" என்கிற இடத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை, மயிலுக்கு எப்படி வரும். "சாவ்தான்" என்றபோது மட்டும் ஒரு ஆண் மயில் நிமிர்ந்து நின்று தோகையை விரித்துவிட்டது. உங்கள் சித்தப்பா கிணற்று மேட்டில் கிடந்து சிரித்ததில் அவருக்குப் புரையேறி, நான்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னது: "மாப்ள, ஆவுடையப்பன் வரும்போது தட்டையாவது மிஞ்சும். மாட்டுக்கு ஆவும்." நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மாரீஸ்வரியும் சாப்பிடவில்லை. எங்கண்ணன் வெயிலில் நின்று ஊன்றினது என்று ஒரு மூச்சு அழுதாள். நான் அவளைத் தேற்றினேன், பிறகு அவள் என்னைத் தேற்றினாள், பிறகு ரெண்டு பேரும் தோசை சாப்பிட்டோம்.

ஆக, நன்றாக ஆராய்ந்து நான் கண்ட முடிவு என்னவென்றால், சார்ஜர் ரெண்டிலும் குற்றமில்லை, கரண்டிலும் குற்றமில்லை, என் மேல் எள்ளளவும் குற்றமில்லை. பேட்டரி எப்போதும் நிறைந்தேதான் இருக்கிறது, அதற்குப் பச்சை விளக்கு சாட்சி. நிறைந்தும் அது பேசவில்லை என்றால், உங்கள் குரல் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். குரல் பெரிசு, பேட்டரி ஒத்தை. அல்லது கேண்டீனில் உங்களுக்கே யாராவது டூப்ளிகேட்டைக் கொடுத்திருக்க வேண்டும். பட்டாளத்தை நான் குறை சொல்லவில்லை, கடைக்காரனைத்தான் சொல்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் மேஜர் ஐயாவிடம் சொல்லி, நல்ல பேட்டரி ஒன்றும், முடிந்தால் சாந்தமான குரலில் புதிய வசனம் ஒன்றும் அனுப்பிவைக்க வேண்டும். இதில் மாப்பிள்ளையின் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை என்பதை நீங்கள் பதில் கடிதத்தில் ஒரு வரி எழுதினால், அதை உங்கள் சித்தப்பாவிடமும் ஜெபக்குமாரிடமும் காட்டுவேன்.

வேறு விசேஷம் இல்லை. மாரீஸ்வரி, அண்ணன் காலையில் எழுந்ததும் வெந்நீர் குடிக்க வேண்டும் என்றும், காதை மூடித் தூங்க வேண்டும் என்றும் சொல்லச் சொன்னாள். உங்கள் கூட இருக்கிற எல்லோருக்கும் எங்கள் அன்பு. பெருமாளும் வைத்தியநாதரும் உங்கள் பக்கம் ஒருவரும் என் பக்கம் ஒருவரும் நிற்பார்களாக.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை பாண்டிச்செல்வம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உங்கள் நலம் விசாரித்த பகுதியைத் தவிர மற்றதையெல்லாம் படிக்காதது போல் வைத்துக்கொள்ளவும்.

கவரை ஒட்டும் முன், அண்ணனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்க மாரீஸ்வரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, அந்தப் பேட்டரியைக் கொண்டாங்க என்றாள். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, மொட்டுப் பக்கம் நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது.

"இது என்னது?"

"சந்தனம்."

"மேல செவப்பா?"

"குங்குமம். ஆயுத பூசைக்கு வச்சது."

"அந்தப் பக்கமும் இருக்கே."

"ஒரு பக்கம் மட்டும் வச்சா நல்லா இருக்காதுல்ல."

அவள் முந்தானையால் ரெண்டு முனையையும் பளிச்சென்று துடைத்து, தானே ஆட்டுரலுக்குப் போய், அரை ஆம்பியர் சார்ஜரில் வைத்தாள். சிவப்பு எரிந்தது மச்சான். நம்ம வீட்டில் நம்ம பேட்டரிக்கு முதல் சிவப்பு. நான் சாமி கும்பிட்டேன். ஒரு சந்தேகத்துக்கு ஒரு ஆம்பியர் சார்ஜரைப் பேட்டரியே இல்லாமல் வெறுமனே சொருகிப் பார்த்தேன். பச்சை எரிந்தது. அதாவது, ஏற்ற ஒன்றும் இல்லை என்றாலும் அதற்குப் பச்சைதான். காய்ந்த சந்தனம் கனமாக அப்பியிருந்ததால், சார்ஜருக்கு இத்தனை நாளும் பேட்டரி உள்ளே இருப்பதே தெரியவில்லை. மைக்கில் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங், சந்தனத்தைக் கீறிக்கொண்டு தொட்டிருக்கிறது, மிச்சமிருந்த உயிரில் "ஏலே" மட்டும் வந்திருக்கிறது. சாயங்காலம்தான் நிறைந்து பச்சை வந்தது, வெள்ளத்தாய் அக்கா பேட்டரி மாதிரியே. அவரிடம் போய், உங்கள் பேட்டரி மட்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். "அது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். ஜெபக்குமார் கடை வழியாக இனி நான் போவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பின்குறிப்பு சின்னதாக இருந்திருக்கும். நிறைந்த பேட்டரியை மைக்கில் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினேன். மைக்கில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் ஏறுகிறது என்று எனக்கு அவ்வளவு பாடம் ஆகியிருந்ததல்லவா, சரி, பேட்டரி இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று தொடாமல் விட்டுவிட்டேன். அது பதிவு செய்கிற விளக்கு என்பது தோட்டத்தில் போய் மூங்கிலில் கட்டிப் பேச விட்ட பிறகுதான் தெரிந்தது. உங்கள் குரல் அழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக மைக் இப்போது பேசுவது வருமாறு. முதலில் என் குரல்: "ஏட்டி, பாரு, மைக்குலயும் செவப்பு எரியுது." அடுத்தது உங்கள் தங்கை: "அதக் கெடக்கட்டும். அண்ணனுக்கு எழுதுன கடிதாசிய மாத்தி எழுதுங்க. தப்பு நம்ம மேலதான்." பிறகு நான்: "மாத்தி எழுதுனா உங்கண்ணன் என்னைய வரப்புல நிக்க வச்சுச் சுட்டுருவான். அந்த ஆளுக்கு மயிலும் ஒண்ணுதான், மாப்பிள்ளையும் ஒண்ணுதான்." பிறகு அவள்: "எங்கண்ணன அவன் இவன்னு இன்னொரு வார்த்த சொன்னீக…" இந்த இடத்தில் ஒரு பாத்திரம் விழுந்து உருளுகிற சத்தம். அது சருவச்சட்டி. விழவில்லை, வந்தது.

நான் பாய்ந்து போய் நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் ஓரத்தில் மேய்ந்த மயில்கள் அத்தனையும், அந்தச் சட்டிச் சத்தத்துக்கு, ஒன்று பாக்கி இல்லாமல் மலைப்பக்கம் பறந்துவிட்டன. உங்கள் வசனத்துக்குக்கூட அவை நடந்துதான் போகும், இப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. என் குரலை மட்டும் பதிந்து பார்த்தால் என்ன என்று யோசித்தேன். என் குரலுக்கு மயில் தோகை விரித்ததை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஆகவே உங்கள் சோளமா என் மானமா என்று வந்துவிட்டது. "பேசட்டும். கருது நிக்கட்டும்" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். நானும் அதை ஓட விட்டுவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தோட்டம் முழுக்க நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் சித்தப்பா கட்டிலையே கிணற்று மேட்டுக்கு மாற்றிவிட்டார், சட்டி விழும்போதெல்லாம் தலையை ஆட்டுகிறார், ஆனால் தட்டை மாட்டுக்கு ஆகும் என்கிற பேச்சை விட்டுவிட்டார். மேற்கே அந்த நாலு சால் போனது போனதுதான். மற்றதெல்லாம் கருது முற்றி நிற்கிறது.

நீங்கள் கார்த்திகைக்கு வரும்போது மம்சாபுரம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அது உங்கள் காதில் விழும். பாதியில் கோபப்பட்டு என்னைத் தேட வேண்டாம். தயவுசெய்து சட்டி விழுகிற சத்தம் வரைக்கும் பொறுத்து நிற்கவும். அதற்கப்புறம் நான், "சரி சரி, கோவப்படாத. உங்கண்ணன் நல்ல" என்று சொல்வது வரும். அந்த மைக் அவ்வளவு நேரம்தான் பதியும், அத்தோடு நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். மிச்சத்தை நீங்களே சேர்த்துக் கேட்டுக்கொள்ளவும்.